நீர் அருந்துதலும் உடற்பருமனும்

மெலிந்த உடலைத் தேற்றுதற்கு மருந்து தேடிய காலம் ஒன்றிருந்தது. இன்று பருத்த உடலை மெலிவித்தற்கு மருந்து தேடுவோர் தொகை பெருகியுள்ளது. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த கால்கள் இன்று நீரிறைக்கும் இயந்திரத்தின் விசையை அழுத்துதற்கு மட்டும் நடக்கின்றன. கல்லூரிக்கு நான்கு மைல் நடந்து வந்த மாணவரின் பேரப்பிள்ளைகள் மோட்டார் வண்டியில் வந்து இறங்குகின்றனர். உழைப்புக் குறைந்தது, ஊண் குறையவில்லை. அதன் பயன் இடையிலே தெரிகின்றது.

பருமனைக் குறைத்தற்குக் கூறப்படும் வழிகளுள் மிக எளியதும் செலவற்றதுமாகத் தோன்றுவது நீர் அருந்துதலாகும். காலையில் எழுந்தவுடன் ஒரு செம்பு நீர் அருந்துக என்பர் சிலர். வெந்நீர் அருந்தின் நெய் உருகுவதுபோல உடற்கொழுப்பு உருகும் என்பர் வேறு சிலர். குளிர்நீரே கொழுப்பை எரிக்கும் என்று இதற்கு நேர்மாறாகக் கூறுவாரும் உளர். இவற்றுள் மெய்யாவது எது, மிகையாவது எது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். ஆராய்ந்தபின் எழும் மற்றொரு வினாவும் உண்டு. நீர் அருந்துக என்று கூறுதல் எளிது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அருந்துதற்கு எந்த நீர் உண்டு என்பதே அவ்வினா. இரண்டையுஞ் சேர்த்து நோக்கினாலன்றி நம் ஊருக்குப் பயன்படும் விடை கிடையாது.

நிறை வேறு, கொழுப்பு வேறு

தராசு காட்டுவது உடலின் முழு நிறையை. அந்நிறையில் எலும்பு, தசை, கொழுப்பு, நீர் யாவும் அடங்கும். வளர்ந்தோர் உடலில் ஏறத்தாழ அரைப்பங்குக்கு மேற்பட்டது நீரேயாகும். ஆதலின் ஒரு நாளில் ஒரு கிலோகிராம் நிறை குறைந்தது எனின், குறைந்தது பெரும்பாலும் நீர் என்று கொள்ளல் வேண்டும். கடும் வெயிலில் பந்தாடிய மாணவன் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தன்னை நிறுத்துப் பார்ப்பானாயின் இவ்வுண்மையை நேரிற் காண்பான். இழந்த வியர்வைக்கு ஈடாக நீர் அருந்தியவுடன் குறைந்த நிறை மீண்டு விடும்.

உணவைத் திடீரெனக் குறைப்போர் முதல் வாரத்தில் விரைவாக மெலிவதும் இக்காரணத்தாலேயே. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் சேமிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் தன்னுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைச் சேர்த்து வைத்திருக்கும். உணவு குறைந்தபோது முதலிற் செலவாவது இச்சேமிப்பே. அதனோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறும். கந்தசட்டி விரதத்தின்போது ஆறு நாளும் நீர் மட்டும் அருந்தியிருப்போர் மெலிந்து தோன்றுதலில் இந்நீரிழப்புக்கும் பெரும் பங்குண்டு. விரதத்தின் நோக்கம் மனவடக்கமும் வழிபாடுமாகும். உடற்பருமனைக் குறைத்தல் அன்று. அதனைப் பருமனுக்கு மருந்தாகக் கொள்வோர் விரதம் முடிந்த சில நாளில் இழந்த நிறையிற் பெரும்பகுதி மீள்வதைக் கண்டு ஏமாற்றமடைவர்.

அவ்வாறாயின் உண்மையான கொழுப்புக் குறைதல் எவ்வாறு நிகழ்கின்றது? கொழுப்பு உருகி வழிந்தோடுவதில்லை; வியர்வையாய் வடிவதுமில்லை. அது ஒட்சிசனோடு சேர்ந்து எரிந்து காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறுகின்றது. அவுத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீர்மன், பிரவுண் என்னும் இருவர் 2014ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டு வெளியிட்டனர். 10 கிலோகிராம் கொழுப்பு முற்றாக எரியின் அதில் 8.4 கிலோகிராம் காபனீரொட்சைட்டாக மூச்சின் வழியே வெளியேறும், எஞ்சிய 1.6 கிலோகிராம் நீராகும். நீர் கொழுப்பைக் கரைக்கின்றது என்று நாம் எண்ணியிருக்க, கொழுப்பே நீராகவும் காற்றாகவும் மாறுகின்றது என்கின்றது விஞ்ஞானம். அம்மாற்றத்தைத் தூண்டுவது, உடல் செலவிடும் சத்தி உணவாற் பெறும் சத்தியிலும் மிகுதியாயிருத்தல் ஒன்றே. நீர் அருந்துதல் இவ்வரவு செலவுக் கணக்கில் எங்கே நுழைகின்றது என்பதே நாம் காணவேண்டுவது.

செலவுப் பக்கம்: நீரைச் சூடாக்கும் வெப்பம்

நீர் அருந்துதலாற் சத்திச் செலவு கூடும் என்பாரின் வாதத்தை முதலில் நோக்குவோம். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசினால் உயர்த்துதற்கு ஒரு கலோரி வெப்பம் வேண்டும் என்பதை எம் மாணவர் அறிவர். உடலின் வெப்பநிலை 37 பாகை. நம் ஊர்க் கிணற்று நீர் ஏறத்தாழ 28 பாகை எனக் கொள்வோம். அரை இலீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 37 பாகைக்கு உயர்த்த 4,500 கலோரி, அதாவது உணவுக் கணக்கிற் கூறப்படும் 4.5 கிலோகலோரி செலவாகும். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரிக்குச் சமம். எனவே இவ்வழியால் மட்டும் ஒரு கிலோகிராம் கொழுப்பைச் செலவிட விரும்பும் ஒருவர் ஏறத்தாழ 855 இலீற்றர் நீர் அருந்தல் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு இலீற்றராக அருந்தினும் ஓராண்டுக்கு மேற் செல்லும். குளிரூட்டிய நீராயின் கணக்குச் சிறிது கூடும். 5 பாகைக் குளிர்நீர் அரை இலீற்றருக்கு 16 கிலோகலோரி செலவாகும். உடல் வெப்பத்திலும் மிகுந்த சூடுடைய வெந்நீரோ உடலிலிருந்து வெப்பத்தைப் பெறுவதற்குப் பதிலாக உடலுக்கு வெப்பத்தைத் தருவதாகும். வெந்நீர் கொழுப்பை உருக்கும் என்ற நம்பிக்கை இவ்விடத்திலேயே நிலைகுலைகின்றது.

எனினும் இப்பௌதிகக் கணக்கோடு ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. பேர்லின் நகரிற் பொஷ்மான் என்பவரும் அவர்தம் குழுவினரும் 2003ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். உடல்நலமுள்ள பதினால்வர் அரை இலீற்றர் நீர் அருந்தியபின் அவர்தம் அனுசேப வீதம் 30 வீதத்தாற் கூடியது என்றும், அக்கூடுதல் பத்து நிமிடத்துள் தொடங்கி முப்பது நாற்பது நிமிடத்தில் உச்சத்தை அடைந்தது என்றும் அவர்கள் கூறினர். அவர்தம் கணக்கின்படி நாள்தோறும் இரண்டு இலீற்றர் நீரை மேலதிகமாக அருந்துவோர் ஏறத்தாழ 95 கிலோகலோரியை மேலதிகமாகச் செலவிடுவர். இச்செய்தி உலகெங்கும் பரவியது. இன்று மக்களிடை வழங்கும் பல கூற்றுக்களுக்கு மூலம் இதுவே எனலாம்.

விஞ்ஞானத்தில் ஒரு பரிசோதனை முடிந்த முடிபன்று. பிறரொருவர் அதனை மீளச் செய்து அதே விளைவைக் காணல் வேண்டும். 2006ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்தின் பிறிபேர்க்கு நகரிற் செய்யப்பட்ட பரிசோதனை அவ்விளைவைத் தரவில்லை. அறை வெப்பநிலையிலிருந்த நீர் அனுசேபத்தை உயர்த்தவில்லை. 3 பாகைக்குக் குளிர்வித்த நீர் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 4.5 வீதமே உயர்த்தியது. இரு பரிசோதனையும் சிலரையே கொண்டு நிகழ்ந்தன என்பதையும் மறத்தல் ஆகாது. ஆகவே செலவுப் பக்கத்தில் நீரின் பங்கு மிகச் சிறிது என்று கொள்ளுதலே அறிவுடைமையாகும்.

வரவுப் பக்கம்: உணவுக்கு முன் அருந்தும் நீர்

இனி வரவுப் பக்கத்தை நோக்குவோம். இரைப்பை விரியும்போது அதன் சுவரிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பசி தணிதற்குரிய காரணங்களுள் இஃது ஒன்று. உணவுக்குச் சற்று முன் அருந்தும் நீர் இரைப்பையில் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாயின் உண்ணும் அளவு குறையும் என எதிர்பார்க்கலாம்.

இவ்வெதிர்பார்ப்பு ஓரளவு மெய்யென்று காட்டிய ஆராய்ச்சிகள் உள. ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திற் செய்யப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில் 55 வயதுக்கும் 75 வயதுக்கும் இடைப்பட்ட, பருமன் மிகுந்த 48 பேர் பங்குபற்றினர். அனைவருக்கும் குறைந்த சத்தியுடைய உணவு விதிக்கப்பட்டது. ஒரு சாரார் மட்டும் மூன்று வேளை உணவுக்கு முன்னும் அரை இலீற்றர் நீர் அருந்தினர். பன்னிரண்டு வாரத்தின் முடிவில் நீர் அருந்தியோர் மற்றையோரிலும் ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் மிகுதியாக மெலிந்தனர். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 84 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியும் இதனை ஒத்தது. அதில் ஒரு சாரார் உணவுக்கு அரை மணி நேரம் முன்னர் அரை இலீற்றர் நீர் அருந்தினர். மறு சாரார் வயிறு நிறைந்திருப்பதாகக் கற்பனை செய்யுமாறு கேட்கப்பட்டனர். நீர் அருந்தியோர் 1.3 கிலோகிராம் மிகுதியாக மெலிந்தனர்.

இவற்றினின்று இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, பயன் உண்டு. ஆனால் அது சிறிது. மூன்று மாதத்தில் ஒன்று அல்லது இரண்டு கிலோகிராம் என்னும் அளவினது. இரண்டாவது, பயன் எல்லார்க்கும் ஒத்ததன்று. உணவுக்கு முன் நீர் அருந்துதல் முதியோர் உண்ணும் அளவைக் குறைத்ததென்றும், இளைஞரில் அவ்விளைவு காணப்படவில்லையென்றும் 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகின்றது. வயது முதிரும்போது இரைப்பை மெதுவாக வெறுமையாகும் என்பது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. ஆதலின் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஓரளவு உதவும் இவ்வழி, இன்றைய மாணவர்க்கு அதே அளவில் உதவும் என எதிர்பார்த்தல் ஆகாது.

இவ்விடத்தில் நம் ஊர் உணவு நினைவுக்கு வருகின்றது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் ஒன்றிற் பார்பறா உறோல்சு என்னும் பேராசிரியை 1999ஆம் ஆண்டில் ஓர் அரிய பரிசோதனையை வெளியிட்டார். ஒரே பொருள்களாற் சமைத்த உணவை ஒரு நாள் தனியாகவும், ஒரு நாள் ஒரு குவளை நீரோடும், மற்றொரு நாள் அதே அளவு நீரை அவ்வுணவோடு கலந்து காய்ச்சிய இரசமாகவும் மகளிர் சிலர்க்கு வழங்கினார். நீரைத் தனியே அருந்தியபோது பின்னர் உண்ட உணவின் அளவு குறையவில்லை. அதே நீர் உணவினுட் கலந்திருந்தபோது குறைந்தது. தனி நீர் இரைப்பையிலிருந்து விரைவில் இறங்கி விடுகின்றது. உணவோடு கலந்த நீர் தங்கி நிற்கின்றது. கஞ்சியும் ஒடியற் கூழும் இவ்வுண்மைக்கு நம் அடுக்களையிலுள்ள சான்றுகள். ஒடியல் மா சிறிது; பயிற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் சிறிது; பெரும்பகுதி நீர். ஒரு பிளாக் கூழ் குடித்தோர்க்கு நெடுநேரம் பசி தோன்றாது. எனினும் கூழ் என்ற பெயருடைய யாவும் ஒன்றல்ல. தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்துக் காய்ச்சும் ஆடிக்கூழ் பண்டிகைக்கு உரியது, மெலிதற்கு உரியதன்று.

நீரின் இடத்தைக் கவர்ந்தவை

மேலே கூறிய இரு வழியிலும் நீரின் பயன் சிறிதென்று கண்டோம். மூன்றாவது வழி ஒன்றுண்டு. பெரும் பயன் அதிலேயே இருக்கின்றது. அது, இனிப்புப் பானத்துக்குப் பதிலாக நீரை அருந்துதல்.

தாகம் என்பது நீரை வேண்டி உடல் எழுப்பும் குரல். அக்குரலுக்குச் சீனி கலந்த பானத்தால் விடையளிக்கும்போது உடல் கேளாத சத்தியும் உடன் சென்று சேர்கின்றது. மென்று உண்ணும் உணவு பசியைத் தணிப்பதுபோலப் பானத்திலுள்ள சீனி பசியைத் தணிப்பதில்லை. ஆகவே அது உணவுக்கு ஈடாகாமல் உணவின் மேல் மிகையாக நிற்கின்றது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். அதன் சத்தி 16 கிலோகலோரி. நாளொன்றுக்கு நான்கு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு கரண்டிச் சீனி எனின் 32 கிராமும் 128 கிலோகலோரியும் ஆகின்றன. அறுபது நாளில் இது 7,680 கிலோகலோரியாகும்; ஒரு கிலோகிராம் கொழுப்புக்கு ஏறத்தாழச் சமம். உடல் மெலியுந்தோறும் அதன் செலவும் குறையுமாதலின் மெய்யான விளைவு இக்கணக்கிலும் சிறிது குறைவாகவே அமையும். ஆயினும் கிணற்று நீரைச் சூடாக்குதலால் ஓராண்டுக்கு மேற் பிடிக்கும் காரியத்தைச் சீனியற்ற தேநீர் சில மாதத்திற் செய்து முடிக்கும் என்பது தெளிவு. நம் முன்னோர் வெறுந் தேநீரை ஒரு கையிலும் சிறு பனங்கட்டித் துண்டை மறு கையிலும் வைத்துக் கடித்துக் குடித்தனர். பனங்கட்டியும் சீனியே எனினும், கடித்த துண்டு கண்ணுக்குத் தெரிந்தது. அளவு கையிலே நின்றது. கலக்கிக் கொடுத்த சீனி கண்ணுக்குத் தெரிவதில்லை.

போத்தலில் விற்கப்படும் பானங்களின் நிலை இன்னும் கடியது. இலங்கையில் 2016ஆம் ஆண்டு தொடக்கம் இப்பானங்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் குறித்தல் வேண்டும் என்னும் ஒழுங்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனியுடையது சிவப்பு நிறம் பெறும். அவ்வெல்லையிலுள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 44 கிராம் சீனி, அதாவது பதினொரு தேக்கரண்டி அடங்கும். நாள் முழுவதிலும் உட்கொள்ளும் சேர்ப்புச் சீனி 25 கிராம் அளவில் அமைதல் நன்று என்பது உலக சுகாதார தாபனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரையின் சாரம். ஒரு போத்தலே அவ்வெல்லையைக் கடந்து விடுகின்றது. 2017ஆம் ஆண்டு நவம்பரில் அரசாங்கம் இப்பானங்களின் சீனிக்கு வரியும் விதித்தது.

இளையோரிடத்து இம்மாற்றம் பயன் தரும் என்பதற்கு உறுதியான சான்றுண்டு. நெதர்லாந்தில் 641 சிறுவரைக் கொண்டு பதினெட்டு மாதம் நிகழ்ந்த ஆராய்ச்சி 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாள்தோறும் ஒரு சிறு கலன் சீனிப் பானம் பெற்ற சிறுவர், சீனியற்ற பானம் பெற்றோரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் மிகுதியாகப் பருத்தனர். ஜேர்மனியின் டோட்முண்ட், எசன் என்னும் இரு நகரங்களில், வசதி குறைந்த பகுதிகளிலுள்ள 32 பாடசாலைகளில் நிகழ்ந்த மற்றொரு ஆராய்ச்சி 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சில பாடசாலைகளிற் குடிநீர்க் குழாய்கள் அமைக்கப்பட்டன. நீரின் நன்மை பற்றிச் சில பாடங்களும் நடத்தப்பட்டன. வேறு உணவுக் கட்டுப்பாடு எதுவும் விதிக்கப்படவில்லை. ஓராண்டின் முடிவில் அப்பாடசாலைச் சிறுவர் மிகைநிறை அடையும் வாய்ப்பு ஏனைய பாடசாலைச் சிறுவரிலும் 31 வீதம் குறைந்திருந்தது. நல்ல நீர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது; பிள்ளைகள் அதனை அருந்தினர்; அவ்வளவே நிகழ்ந்தது. இவ்வாராய்ச்சி நம்மை நம் குடாநாட்டின் நீருக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றது.

குடாநாட்டின் நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. வடகீழ்ப் பருவமழை தரும் நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களூடே இறங்கி நிலத்தடியிற் சேர்கின்றது. அங்கே கடல்நீரும் ஊடுருவி நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்ததாதலின் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நிற்குமாயின் அதன்கீழ் ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது கைபென், ஏர்சுபேக்கு என்னும் அறிஞர் இருவர் கண்ட விதி. இதன் மறுபக்கம் அச்சந் தருவது. மேலே ஓர் அடி நீரை மிகையாக இறைத்துக் குறைத்தால் கீழே நாற்பது அடி உவர்நீர் மேலெழும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இவ்விதியைக் கண்ணெதிரே காட்டும்.

மிகையாக இறைத்தலால் உவர் ஏறுதல் ஒரு கேடு. மற்றொன்று நைத்திரேற்று. தோட்ட நிலங்களில் அளவுக்கு மேல் இடப்படும் பசளையும், நகர்ப்புறத்தில் நெருக்கமாக அமைந்த மலக்குழிகளும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடே கிணறுகளுக்கு நைத்திரேற்றை அனுப்புகின்றன. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லை. வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளிலுள்ள பல கிணறுகள் இவ்வெல்லையைக் கடந்துள்ளமை பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளராற் கண்டறியப்பட்டு வந்துள்ளது. நைத்திரேற்று நிறமற்றது, மணமற்றது, கொதிக்க வைத்தலால் நீங்காது. நீர் ஆவியாக வற்றுதலின் அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைகட்கு இதனால் வருங் கேடு மிகக் கடுமையானது. இவற்றோடு சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துன்பமும் சேர்ந்தது. அதுபற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குமாறு பணித்தது. நிலத்தடி நீர் ஒருவர்க்கு உரிய பொருளன்று, யாவர்க்கும் உரிய பொது முதல் என்பதை அத்தீர்ப்பு நமக்கு நினைவூட்டுகின்றது.

நன்னீர் தேடும் முயற்சியும் இங்குப் பழையதே. பொறியியலாளர் ஆறுமுகம் 1954ஆம் ஆண்டில் முன்வைத்த திட்டம் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் நிலையாக்கி, வடமராட்சி வழியே நீரைக் குடாநாட்டுக்குக் கொணர எண்ணியது. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று மக்கள் அதனை அழைத்தனர். அத்திட்டம் முழுமை பெறவில்லை. 2024ஆம் ஆண்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.

இந்நீர் நிலைக்கும் உடற்பருமனுக்கும் உள்ள தொடர்பு இப்போது விளங்கும். கிணற்று நீர் உவர்க்கின்றது. அல்லது அதன் தூய்மையில் ஐயம் எழுகின்றது. போத்தல் நீர் விலைக்கு விற்கப்படுகின்றது. அவ்விலையோடு சிறிது சேர்த்தால் அதே கடையில் இனிப்புப் பானம் கிடைக்கின்றது. தாகமுற்ற பிள்ளை எதனை வாங்கும்? பிள்ளையின் நாவைக் குறைகூறுமுன் கிணற்றை நோக்குதல் முறையாகும். நல்ல நீர் இல்லாத இடத்தில் நீர் அருந்துக என்னும் அறிவுரை வெறுஞ்சொல்லாய் ஒழியும்.

அளவும் எல்லையும்

நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீர் அருந்தல் வேண்டும் என்னும் விதியும் பலராற் கூறப்படுகின்றது. இதற்கு மூலமாகச் சுட்டப்படுவது ஐக்கிய அமெரிக்காவில் உணவு, போசணைச் சபை 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 இலீற்றர் நீர் வேண்டும் என அது கூறியது. அதிற் பெரும்பகுதி உணவிலேயே அடங்கியுள்ளது என அதனை அடுத்துக் கூறிய வாக்கியம் காலப்போக்கில் மறக்கப்பட்டது. எட்டுக் குவளை விதிக்கு விஞ்ஞானச் சான்று காணவில்லை என வால்ற்றின் என்னும் மருத்துவப் பேராசிரியர் 2002ஆம் ஆண்டில் எழுதினார். சோறு, மரக்கறி, பழம், தேநீர் யாவும் நீர் தருவனவே. தாகமும் சிறுநீரின் நிறமும் பெரும்பாலோர்க்குப் போதிய வழிகாட்டிகள். சிறுநீர் வைக்கோல் நிறமாயின் நீர் போதும். கடும் மஞ்சளாயின் போதாது. வெயிலில் உழைப்போரும் விளையாடுவோரும் மிகுதியாக அருந்தல் வேண்டும். சிறுநீரகக் கல் ஒருமுறை தோன்றியவர்க்கு நீர் பெருந்துணையாகும். இத்தாலியில் ஐந்தாண்டு நடந்து 1996ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், மிகுதியாக நீர் அருந்தியோருள் 12 வீதத்தினர்க்கே கல் மீண்டும் தோன்றியது. ஏனையோருள் 27 வீதத்தினர்க்குத் தோன்றியது.

மிகையும் தீதே. நலமுள்ள சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடிய நீர் ஏறத்தாழ ஓர் இலீற்றர் அளவினது. அதனை மீறிக் குறுகிய நேரத்திற் பெருமளவு நீர் அருந்தின் குருதியிலுள்ள சோடியத்தின் செறிவு குறையும்; மூளை வீங்கும்; உயிருக்கும் ஊறு நேரும். 2002ஆம் ஆண்டு பொசுற்றன் நெட்டோட்டத்தில் ஓடியோருள் ஆராயப்பட்ட 488 பேரில் 13 வீதத்தினர் சோடியக் குறைவுற்றிருந்தமை பின்னர் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. இருதய நோய், சிறுநீரக நோய் உடையோர் மருத்துவர் கூறிய அளவைக் கடத்தல் ஆகாது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் உணவை விட்டு நீர் மட்டும் அருந்தியிருத்தலும் ஆபத்தானது. குருதியிற் குளுக்கோசு மிகக் குறைந்து மயங்கி விழ நேரும்.

செய்யத்தக்கன

தெற்காசிய மக்கள் பிற நாட்டாரிலும் குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாகின்றனர். ஆசிய மக்கட்கு உடற்றிணிவுச் சுட்டி 23ஐக் கடந்தவுடனே எச்சரிக்கை வேண்டும் என உலக சுகாதார தாபனத்தின் அறிஞர் குழு 2004ஆம் ஆண்டிற் கூறியது இதனாலேயே. ஆதலின் இது அழகு பற்றிய வினா அன்று. நம் பிள்ளைகளின் கண்ணும் காலும் சிறுநீரகமும் பற்றிய வினா.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணுதலையே சிறந்த மருந்தாக வற்புறுத்துகின்றது. நீர் அவ்வளவறிதலுக்குத் துணை நிற்கலாம். அதற்குப் பதிலாக நிற்கமாட்டாது. கொழுப்பைக் கரைக்கும் ஆற்றல் நீருக்கு இல்லை. சீனியை நம் குவளையிலிருந்து வெளியேற்றும் ஆற்றல் உண்டு. அது சிறிய ஆற்றலன்று.

அவ்வாற்றல் பயன்படுதற்கு மூவர் செய்யத்தக்கன சில உள. மாணவர் தம் தாகத்துக்கு முதலில் நீரை நாடுவாராக. தேநீரிற் சீனியை வாரத்துக்குச் சிறிதாகக் குறைப்பாராக. ஆசிரியர் கல்லூரிக் கிணற்று நீரை ஆண்டுதோறும் மாரிக்கு முன்னும் பின்னும் பரிசோதிப்பித்து, உவரும் நைத்திரேற்றும் எவ்வளவென்று யாவரும் காண எழுதி வைப்பாராக. இரசாயன வகுப்புக்கு இதனிற் சிறந்த பாடம் வேறில்லை. பழைய மாணவர் தாம் கற்ற கல்லூரிக்கு நினைவுச் சின்னம் வழங்க விரும்பும்போது, நல்ல முறையிற் சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்க் குழாய் ஒன்றை ஒவ்வொரு கட்டடத்துக்கும் வழங்குவாராக. நல்லூர்த் திருவிழாக் காலத்திற் றண்ணீர்ப் பந்தல் அமைத்து வழிச்செல்வோர் தாகம் தணித்தலை அறமாகக் கொண்டது நம் சமூகம். அப்பந்தல்களிலும் சர்க்கரைத் தண்ணீருக்கு அருகே மோரும் குளிர்ந்த வெறுநீரும் வைக்கப்படுமாயின் அறம் குறையாது, நலம் கூடும். ஆண்டில் இருபத்தைந்து நாள் வீதியிற் செய்யும் அவ்வறத்தைப் பாடசாலை நாள் ஒவ்வொன்றிலும் கல்லூரி முற்றத்திற் செய்தல் நம்மால் இயலாத காரியமன்று.